மாப்பிள்ளை மீனும் ஹனீபாவின் விரலும்

அந்த மீனின் விலை ஐந்நூறு வெள்ளி. வாய் சொன்ன விலையாக இருந்தால் ஹனீபா அதை மென்று விழுங்கியிருப்பான்; முப்பத்தெட்டு வயதுக்குள் அவன் அப்படி விழுங்கியவை கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் இது விரல் சொன்ன விலை. விரல் சொன்னதை விழுங்க இதுவரை யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

மீன் அவனுடையது அல்ல என்பது ஒரு சிக்கல். மீனுக்குச் சொந்தக்காரனான ஷேக் அலாவுதீன் அதை எந்த விலைக்கும் விற்பதாக இல்லை என்பது அதைவிடப் பெரிய சிக்கல். அலாவுதீன் இந்த நிமிஷம் தொழுகைக்குப் போயிருக்கிறான். "துண்டை எடுக்காதே, இடத்தை விட்டு நகராதே, யாருகிட்டேயும் வாயைக் கொடுக்காதே" என்று மூன்று கட்டளை போட்டுவிட்டுத்தான் போனான். ஹனீபா மூன்றையும் காப்பாற்றினான். துண்டை எடுக்கவில்லை, நகரவில்லை, வாயையும் கொடுக்கவில்லை. கையைத்தான் கொடுத்தான்.

அவர்கள் மூன்று பேர். மேடானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அலாவுதீன். அவன் சரக்கையும் இன்னும் இருபது கடைகளின் சரக்கையும் பேசி முடித்துக் கொடுக்கும் தரகன் ஹனீபா. புகையிலைத் தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் சந்திரசேகரன். மூவரையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது சண்டை மீன். சண்டை மீன் வளர்ப்பவர்களில் இரண்டு ஜாதி உண்டு. மோதவிட்டுப் பந்தயம் கட்டுகிறவர்கள் ஒன்று. குடுவைக்கு முன்னால் உட்கார்ந்து நிறத்தையும் வாலையும் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் மற்றது. இவர்கள் இரண்டாவது ஜாதி. வீட்டுப் பெண்களைக் கேட்டால் முதல் ஜாதியே மேல் என்பார்கள், அவர்களாவது எப்போதாவது காசு கொண்டுவருகிறார்கள்.

அலாவுதீன் ஆறு வருஷம் பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்து, ஒன்பதாம் தலைமுறையில் ஒரு மீனைக் கண்டான். உடம்பு தந்த நிறம். துடுப்பும் வாலும் குங்குமச் சிவப்பு. நிக்காஹ் மேடைக்குப் புறப்பட்டவனைப் போல இருந்ததால் அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர் விழுந்துவிட்டது. போன மழைக்காலத்தில் ஒரு நோய் வந்து கூடப்பிறந்தவை அத்தனையும் வயிறு மேலாக மிதந்தன. மாப்பிள்ளை மட்டும் மிஞ்சினான். இனி ஐந்தாறு மாதத்துக்குள் அவனுக்குத் தோதான பெட்டை கிடைத்து முட்டைக்கு நுரைக்கூடு கட்டவில்லை என்றால் ஆறு வருஷமும் தண்ணீரில் போனது போலத்தான்.

அப்போதுதான் பினாங்கில் வளர்ப்பு மீன் பிரியர்களின் கூட்டம் நடக்கப்போவதாகத் தகவல் வந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர், சயாம் என்று எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம். சயாம் சிங்கோராவில் ஒருவரிடம் அதே தந்த நிறத்தில் பெட்டை இருப்பது தெரிந்து, சந்திரசேகரன் ஆபீஸ் காகிதத்தில் நான்கு கடிதம் எழுதினான். அவர் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார். மூவரும் பெலாவான் துறைமுகத்தில் கப்பலேறி, ஆளுக்கொரு குடுவையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் கடல் கடந்து வந்து சேர்ந்தார்கள்.

1932 ஆம் வருஷம் அது. ரப்பர் விலை விழுந்து எழுந்திருக்காமல் கிடந்தது. ஐந்நூறு வெள்ளி என்றால் ஒரு குமாஸ்தாவின் ஒரு வருஷச் சம்பளம்.

சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சீனச் சங்கத்தின் மண்டபத்தில் நீள நீளமாக மேஜை போட்டிருந்தார்கள். அதன்மேல் நூற்றுக்கு மேற்பட்ட குடுவைகள். காய்ந்த கெத்தாப்பாங் இலை, அதாவது நாட்டு வாதுமை இலை, ஊறிய தண்ணீர் வரிசையாகத் தேநீர் நிறத்தில் மின்னியது. சண்டை மீன்கள் ஒன்றையொன்று பார்த்துவிட்டால் விறைத்து விரிந்து, நடுவர் வருவதற்குள் களைத்துப்போகும். அதனால் குடுவைக்குக் குடுவை அட்டை வைப்பது வழக்கம். மேடான்காரர்களின் அட்டைகள் கப்பலில் உப்புத் தண்ணீர் பட்டு ஊறிப்போயிருந்தன. ஹனீபா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மாப்பிள்ளையின் குடுவையைப் போர்த்தினான்.

அங்கேதான் வினை. அது தரகுத் துண்டு. கல் வியாபாரமோ துணி வியாபாரமோ, நாலு பேர் நிற்கும் இடத்தில் விலை பேச வேண்டுமானால் துண்டைப் போட்டு அதற்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. பத்தா, நூறா என்பதை மட்டும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்வார்கள். உள்ளங்கையில் கட்டைவிரலை அழுத்தினால் பேச்சு முடிந்தது. அதற்கு ரசீது இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை, பின்வாங்கலும் இல்லை.

அப்துல் காதர் மரைக்காயர் வைர வியாபாரி. அறுபது வயது, வெள்ளைத் தாடி, பினாங்கு முழுக்க அவரைக் காதர் நானா என்பார்கள். மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், துண்டு போட்ட குடுவையைப் பார்த்ததும் நின்றார். ஓரத்தை ஒரு அங்குலம் தூக்கிப் பார்த்தார். மறுபடி இறக்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வைரம் பார்க்கிறவர் முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது. கை மட்டும் மெதுவாகத் துண்டுக்குள் போயிற்று.

ஹனீபாவின் கையும் தானாகவே அதன் பின்னால் துண்டுக்குள் போயிற்று. பதினான்கு வருஷப் பழக்கம். சும்மா, மீனுக்கு என்ன மதிப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் அலாவுதீனிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று ஒரு ஆசை.

நானா இரண்டு விரலைப் பிடித்தார்.

"நூறுதானே, நானா?" என்றான் ஹனீபா சிரித்தபடி.

"நூறுதான்."

ஹனீபா கையை உதறினான். மூன்று விரல் வந்தது. மறுபடி உதறினான். இந்தக் கிழவரை ஒரேயடியாக ஓட்டிவிடலாம் என்று நினைத்து, அவர் கை முழுவதையும் சேர்த்துப் பிடித்தான். ஐந்நூறு. இந்தப் பஞ்சகாலத்தில் விரல்நீள மீனுக்கு ஐந்நூறு கொடுக்கப் பைத்தியமா பிடித்திருக்கிறது?

உள்ளங்கையில் ஒரு கட்டைவிரல் அழுந்தியது.

"முடிஞ்சுது," என்றார் நானா. "அல்ஹம்துலில்லாஹ்."

பக்கத்து மேஜையில் தன் நீல மீனுக்குக் கொசுப்புழு போட்டுக்கொண்டிருந்த சுப்பையா நிமிர்ந்து பார்த்தார். பினாங்கிலேயே ஆயர் ஈத்தாமில் நகைப் பட்டறை வைத்திருப்பவர். துண்டு பாஷை தெரிந்தவர். "காதர் நானா வாங்கிட்டாரா? நல்ல ராசியான கை லா அண்ணே உங்களுக்கு!" என்று ஹனீபாவைப் பார்த்துச் சொன்னார். சாட்சியும் ஆயிற்று.

ஹனீபா கையை வெளியே இழுத்தான். "நானா, நானா, கொஞ்சம் இருங்க. இது விளையாட்டுக்கு. மீன் என்னுது இல்லை. என் கூட்டாளியோடது."

"சொந்தமில்லாததுக்கு விலை பேசறதுதானே தம்பி தரகர் தொழிலு?" நானா கோபப்படவில்லை. "நீ மேடான் ஹனீபாதானே? கேள்விப்பட்டிருக்கேன். துண்டுக்குள்ள நாணயமான ஆளுன்னு சொன்னாங்க. நடுவர் நாலு மணிக்கு வர்றார். கடைக்குப் போய்ப் பணம் எடுத்துட்டு வந்துர்றேன். குடுவைச் சீட்டுல மீன்காரர்னு என் பேரை எழுதி வை."

"நானா, அறுநூறுக்கு நானே திருப்பி வாங்கிக்கறேன். தவணையா..."

"விரலுக்கு மேல பேச்சா?" என்றார் நானா. அந்த ஒரு வார்த்தையில் குரல் மாறியது. பிறகு வாசலை நோக்கி நடந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

ஹனீபா துண்டைப் பார்த்தான். அதற்கு அடியில் மாப்பிள்ளை ஒன்றும் அறியாமல் நீந்திக்கொண்டிருப்பான். விரலை மறுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தான். நாளைக் காலைக் கப்பலில் செய்தி மேடானுக்குப் போகும். அடுத்த வாரம் ரங்கூன். அதற்கடுத்த வாரம் நாகப்பட்டினம். துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றால் ஒரு கையும் உள்ளே வராது. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். கொடுத்தால்? பதினான்கு வருஷச் சிநேகிதன் நம்பி விட்டுப்போன ஒரே பொருள். இரண்டு பக்கமும் கணக்கு இடித்தது.

சந்திரசேகரன் பேர்ப் பதிவை முடித்துக்கொண்டு வந்தான். ஹனீபா விஷயத்தைச் சொன்னான்.

"பாய், நீங்க பேசவே இல்லைன்னு சொல்லிடுங்க."

"சுப்பையா அண்ணன் பார்த்துட்டார்."

"சரி, இப்படிச் செய்வோம்." சந்திரசேகரன் குரலைத் தாழ்த்தினான். "என் மீனும் வெளிறின உடம்பு, சிவப்பு வால்தான். நானா ஒரு அங்குலம்தான் தூக்கிப் பார்த்தார். மாத்தி வெச்சுடலாம். வித்தியாசம் தெரியவா போவுது?"

ஹனீபா துண்டுக்குள் கையை விட்டுக் குடுவையைப் பிடித்தான். தூக்கியும் விட்டான், ஒரு விரற்கடை. வைரத்தில் முடியளவு கீறலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு மீன் தெரியாதா என்ன? தெரியாமல் போனாலும், கட்டைவிரல் அழுந்திய உள்ளங்கை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. கீழே வைத்துவிட்டான்.

"வேணாம் சேகரா. பொய் விரலும் பொய் மீனும் சேர்ந்தா எனக்குக் கப்பல் வேண்டாம், நடந்தே கடலுக்குள்ள போயிடலாம்."

மூன்றரைக்கு அலாவுதீன் வந்தான். ஓடாத குறையாக வந்தான். நெஞ்சோடு ஒரு சிறிய புட்டியை அணைத்திருந்தான். தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"டேய் ஹனீபா! சிங்கோராக்காரர் கொடுத்துட்டார்! பாருடா, பாரு, தந்தத்துல செதுக்கின மாதிரி. வயித்தைப் பாரு, முட்டை கட்டியிருக்கு. சேகரா, ஊருக்குப் போனதும் அகலப் பானை, நல்ல கெத்தாப்பாங் இலை... மாப்பிள்ளை எப்படி இருக்கான்? தூங்கறானா?" அவன் துண்டை நோக்கிக் கையை நீட்டினான்.

ஹனீபா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். பக்குவமாகச் சொல்ல ஒரு நல்ல வார்த்தை தேடினான். ஊரெல்லாம் வார்த்தை விற்றவனுக்கு அன்றைக்குச் சரக்கு இருப்பில்லை.

"வித்துட்டேன், அலாவு."

அலாவுதீன் சிரித்தான். ஹனீபாவின் கேலியில் இதுவும் ஒன்று என்று நினைத்தான். பிறகு சந்திரசேகரனின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு உதட்டிலேயே நின்று காய்ந்தது.

"யாருக்கு?"

"காதர் நானாவுக்கு. துண்டுக்குள்ள. சும்மா விளையாட்டா மதிப்புப் பார்க்கலாம்னு..."

"எவ்வளவுக்கு?"

"ஐந்நூறு."

அலாவுதீன் புட்டியை மேஜைமேல் வைத்தான். மிக மெதுவாக, தண்ணீர் அலம்பாமல் வைத்தான். "என் வீட்டுக்காரியோட வளையலைக் கேட்டிருந்தாக்கூடக் கழட்டிக் கொடுத்திருப்பேனே, பாவி. ஒரு மணி நேரம். தொழுதுட்டு வர்ற நேரம். அதுக்குள்ள உன் கை அரிச்சுதா?"

"ஆமாம்," என்றான் ஹனீபா.

"அந்தக் கையை என்கிட்ட இனிமே நீட்டாதே."

அலாவுதீன் முதுகைத் திருப்பிக்கொண்டு, புட்டிக்குள் இருந்த பெட்டையைப் பார்த்து நின்றான். மண்டபத்தின் அந்தக் கோடியில் நடுவர் வந்துவிட்டார். கைக்கண்ணாடி ஒன்றை ஒவ்வொரு குடுவைக்கும் முன்னால் காட்டி, மீன் தன் நிழலைப் பார்த்து விரிவதைக் கவனித்துக் குறித்துக்கொண்டு வந்தார். மூன்று மேஜை தள்ளி இருந்தார். இரண்டு மேஜை. காதர் நானா வாசலில் தெரிந்தார், மடியில் பணப்பையோடு. அவர் பின்னால் தெருக்காரர்கள் ஐந்தாறு பேர், மரைக்காயர் என்ன வாங்கினார் என்று பார்க்க.

ஹனீபா முடிவுக்கு வந்துவிட்டான். குடுவைமேலிருந்து துண்டை உருவினான். வெளிச்சம் பட்டதும் மாப்பிள்ளை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துத் திரும்பினான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் "யாப்பா!" என்றார்கள். ஹனீபா துண்டை நான்காக மடித்து நானாவின் காலடியில் வைத்தான்.

"நானா, எல்லார் முன்னாலயும் சொல்றேன். சுப்பையா அண்ணே, நீங்களும் கேட்டுக்குங்க. பேச எனக்கு அனுமதி இல்லாத பொருளுக்கு நான் விரல் பிடிச்சேன். என் விரல் பொய். மேடானுக்கும் ரங்கூனுக்கும் எழுதிப் போடுங்க. மீன் மட்டும் தர முடியாது."

நானா குனிந்து துண்டைப் பார்த்தார். தொழிலையே விட்டுவிடுவதாக ஒரு தரகன் துண்டைக் கீழே வைத்து அவர் பார்த்ததில்லை. அதைத் தொடவும் அவருக்கு மனமில்லை என்பது தெரிந்தது. தாண்டிப் போகவும் முடியவில்லை.

துண்டை எடுத்தது அலாவுதீன்.

எடுத்து, உதறி, மடிப்பைப் பிரித்தான். "நானா, இந்தத் துண்டுக்கு அடியிலதான் என் சரக்கு பதினாலு வருஷமா வித்துச்சு," என்றான். கடைக்காரன் குரல்தான். "இன்னிக்கு இது பொய்னா, என் கடையில உள்ள ஒவ்வொரு கெஜமும் பொய். மீன் உங்களுது. எடுத்துக்குங்க."

"அலாவு, வேணாம்டா..." ஹனீபா முன்னால் வந்தான்.

"நீ பேசாதே. பேசினது போதும்." அலாவுதீன் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "நானா, காலையில கொசுப்புழு பத்து, சாயந்திரம் பத்து. அதுக்கு மேல போட்டா வயிறு உப்பும். தண்ணியை முழுசா மாத்தாதீங்க, மூணுல ஒரு பங்கு. குழாய்த் தண்ணியா இருந்தா ஒரு நாள் வெயில்ல வெச்சிட்டு ஊத்துங்க. மழையில குளிர்ந்துச்சுன்னா சாக்குச் சுத்துங்க." மூச்சு வாங்கினான். "இவனுக்கு வயசாவுது. சீக்கிரம் ஜோடி சேர்க்கணும். உங்ககிட்ட இதே நிறத்துல பெட்டை இருக்கா?"

நானா தலையசைத்தார். இல்லை.

"பினாங்குல யாருகிட்டேயும் இல்லை. விசாரிச்சுட்டேன்." அலாவுதீன் விரித்த துண்டைச் சிங்கோராப் புட்டியின்மேல் போட்டான். தன் கையை அதற்குள் விட்டான். "கையை உள்ளே விடுங்க, நானா."

கிழவரின் புருவம் உயர்ந்தது. "பெட்டைக்கு என்ன விலை?"

"விலைக்கு இல்லை. வாரத்துக்கு விடறேன். மாடு வாரத்துக்கு விடறதில்லையா, அந்த மாதிரி. முதல் ஈட்டுல பொழைக்கிற குஞ்சு பத்துன்னா, எனக்கு எத்தனை? அதைத்தான் பேசணும்."

நானாவின் கை உள்ளே போயிற்று. நடுவர் அடுத்த மேஜைக்கு வந்துவிட்டார். சுப்பையாவின் நீல மீனுக்குக் கண்ணாடி காட்டினார். அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அசைகிற துண்டையே பார்த்தார்கள். துண்டின் அசைவை வைத்தே ஹனீபா உள்ளே நடப்பதைப் படித்தான். நானா இரண்டு என்கிறார். அலாவுதீன் உதறுகிறான். மூன்று. உதறல். அலாவுதீன் கை முழுவதும் பிடித்து, மறுபடி இரண்டு விரல் பிடித்து ஏழு என்கிறான், அதையும் தப்பாகப் பிடிக்கிறான், தரகுக்குப் பழகாத கை. நானா நான்கு. அலாவுதீனின் நெற்றியில் நரம்பு புடைத்தது. 'கை முழுக்கப் பிடிடா, விட்டுடாதே' என்று ஹனீபா மனசுக்குள் கத்தினான். வாயைத் திறக்க அவனுக்கு உரிமை இல்லை.

துண்டு நின்றது. நெடுநேரம் அசையவே இல்லை.

"ஐஞ்சு," என்றார் நானா வாய்விட்டு. "சரிபாதி. கெட்டிக்காரன்தான்யா நீ. எனக்கு உன்னைத் தரகராப் போடணும்போல இருக்கு."

"எனக்கு அந்த வேலை வேணாம்," என்றான் அலாவுதீன்.

நடுவர் கண்ணாடியை நீட்டினார். மாப்பிள்ளை தன்னைத் தானே பார்த்து, செவுளைத் தூக்கி, துடுப்பு ஒவ்வொன்றையும் சிவந்த விசிறி போல விரித்து நின்றான். நடுவர் நோட்டை மூடிவிட்டார். அதற்கு மேல் குறிக்க ஒன்றுமில்லை என்பது போல. ஐந்தரைக்கு முதல் பரிசு, அப்துல் காதர் மரைக்காயர் என்று அறிவித்தார்கள். கைதட்டினார்கள். அலாவுதீனும் தட்டினான். ஹனீபா தன் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் கப்பலில் மேல்தட்டில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு. ஐந்நூறு வெள்ளி ஹனீபாவின் கைக்குட்டையில் முடிச்சாக இருந்தது. காலையிலிருந்து மூன்று முறை அதை நீட்டிவிட்டான். மூன்று முறையும் அலாவுதீன் கடலைப் பார்த்தான்.

"நீ வாங்கிக்க மாட்டேங்கற. நான் வெச்சுக்க முடியாது. கடல்ல போடவா?" என்றான் ஹனீபா.

"போடு. மீன் திங்கட்டும்."

சந்திரசேகரன் பார்த்தான், இது மேடான் வரைக்கும் தாங்காது என்று. பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தான். "ஊர்ல நம்ம ஆளுங்க கேப்பாங்க, போனீங்களே என்ன ஆச்சுன்னு. எழுதிடறேன். யாராவது சொல்லுங்க."

பிறகு அலாவுதீன், கடலைப் பார்த்தபடியே, ஒவ்வொன்றாகச் சொன்னான். சந்திரசேகரன் குமாஸ்தாக் கையெழுத்தில் எழுதிக்கொண்டான்:

கொண்டுபோன ஆண் மீன்: மூன்று. திரும்பக் கொண்டுவருவது: இரண்டு.

சிங்கோராவிலிருந்து பெற்ற பெட்டை: ஒன்று. பினாங்கில் வாரத்துக்கு விட்டது: ஒன்று.

காதர் நானாவிடமிருந்து வர வேண்டியது: முதல் ஈட்டில் சரிபாதி, பிழைத்தால்.

ஹனீபா கையிருப்பு: ஐந்நூறு வெள்ளி. உரியவர் பெற்றுக்கொள்ளவில்லை.

ஹனீபா தர வேண்டியது: ஆண் மீன் ஒன்று. பணமாக ஏற்பதில்லை.

நிலுவை.